ஆய்வேடு தேடுவதும் ஏற்றுவதும்: புதிதாகப் பிஎச்.டி. பதிவு செய்தவர்களுக்கு

பதிவு செய்த முதல் வருடம், ஒரே ஓர் ஆய்வேட்டைப் பார்ப்பதற்காக ரயில் ஏறி வெளியூர் போனேன். நூலகத்தில் அனுமதிக் கடிதம் கேட்டார்கள். என்னிடம் இல்லை. கைடுக்கு போன் போட்டு, அவர் கடிதம் அடித்து வாட்ஸாப்பில் அனுப்பி, அதை வெளியே போய் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தபோது கவுன்ட்டர் மூடியாகிவிட்டது. மறுநாள் உள்ளே போனால் ஜெராக்ஸ் கூடாது, கையால் எழுதிக்கொள்ளலாம் என்றார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். ஊர் திரும்பிய அதே வாரம் ஹாஸ்டலில் ஒரு ஜூனியர், "அக்கா, இது ஷோத்கங்காவிலேயே இருக்கே" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். அதே ஆய்வேடு, அத்தியாயம் அத்தியாயமாக, ஓசியில்.

என் தலைப்பு தென் மாவட்டக் கண்மாய்ப் பாசனம். அடுத்த ஐந்து வருடத்தில் ஷோத்கங்கா மாதிரி ஆய்வுகளைச் சேர்த்துவைக்கும் இணையக் களஞ்சியங்களுக்குள் தேடவும், எடுக்கவும், கடைசியில் என்னுடையதை ஏற்றவும் பட்ட பாட்டையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தலைப்பு வேறாக இருக்கலாம், ஆனால் வழி கிட்டத்தட்ட இதேதான்.

1. எந்தச் சரக்கு எங்கே கிடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாரும் கூகுளில் தொடங்கி கூகுளிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆராய்ச்சி என்று நாம் சொல்வதில் பல வகை உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கிடக்கிறது.

இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. காந்திநகரில் இருக்கும் இன்ஃப்லிப்நெட் மையம் (பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் அமைப்பு) நடத்துவது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன, படிக்கக் கட்டணம் கிடையாது. இதன் தங்கை மாதிரி ஷோத்கங்கோத்ரி என்று ஒன்று இருக்கிறது, அதில் இப்போது நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கிடைக்கும். உங்கள் தலைப்பை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்துவிட்டார்களா என்று பார்க்க இதைத்தான் முதலில் திறக்க வேண்டும், நான் மூன்றாம் வருடம்தான் திறந்தேன். வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் என்றால் கிருஷிகோஷ். பெங்களூரு ஐஐஎஸ்சிக்கு (இந்திய அறிவியல் கழகம்) தனியாக ஆய்வேட்டுக் களஞ்சியமும் கட்டுரைக் களஞ்சியமும் உண்டு.

ஆய்வேட்டைத் தாண்டினால்தான் சுவாரசியம். பாசனம் பற்றிய அறிக்கைகளில் பாதி, பல்கலைக்கழகங்களுக்கு வெளியே எழுதப்பட்டவை. சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் தலைமையகம் கொழும்புக்குப் பக்கத்தில் பத்தரமுல்லையில் இருக்கிறது, அவர்களுடைய அறிக்கைகள் சிஜிஸ்பேஸ் என்ற களஞ்சியத்தில் கிடைக்கும். இலங்கையின் உலர் வலயக் குளங்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல் அமைந்திருப்பதை 'எல்லங்கா' என்கிறார்கள், நம்மூர்க் கண்மாய்த் தொடர்களோடு ஒப்பிட அங்கே நிறைய இருக்கிறது. வேளாண் பொருளாதாரக் கட்டுரைகளுக்கு மினசோட்டா பல்கலைக்கழகம் நடத்தும் ஆக்இகான் சர்ச், திட்ட அறிக்கைகளுக்கு உலக வங்கியின் திறந்த அறிவுக் களஞ்சியம். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வுத்தாள்களைத் தன் தளத்திலேயே போடுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குத் தனிக் களஞ்சியம் உண்டு. இலங்கைத் தமிழ் ஆவணங்கள் என்றால் நூலகம் தளம்.

அச்சாகும் முன்பே வெளியிடும் ப்ரீபிரின்ட் வகைக்கு வேறு இடங்கள். இயற்பியல், கணிதம், கணினிக்கு ஆர்கைவ் (பெயரில் நடுவே எக்ஸ் இருக்கும், அது கிரேக்க எழுத்து, 'ஆர்கைவ்' என்றே படியுங்கள்). உயிரியலுக்கு பயோஆர்கைவ், மருத்துவத்துக்கு மெட்ஆர்கைவ், புவியியலுக்கு எர்த்ஆர்கைவ், சமூக அறிவியலுக்கும் சட்டத்துக்கும் எஸ்எஸ்ஆர்என். தரவுத் தொகுப்புகளுக்கு செனோடோ, ஃபிக்ஷேர்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தேட வேண்டும் என்றால் கோர், பேஸ் என்று இரண்டு தேடுபொறிகள் இருக்கின்றன. முன்னது இங்கிலாந்தின் ஓபன் யுனிவர்சிட்டியுடையது, பின்னது ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழகத்துடையது. முதல் வாரம் இவை இரண்டிலும் மேய்ந்துவிட்டு, அப்புறம் தனித்தனிக் களஞ்சியத்துக்குப் போங்கள்.

2. தேடுவதற்கு முன் சொற்பட்டியல் போடுங்கள்

இதை யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதிக நேரம் வீணானது இங்கேதான்.

பெரும்பாலான களஞ்சியங்களில் தலைப்பும் குறிச்சொற்களும் ஆங்கில எழுத்தில்தான் ஏறியிருக்கும், ஆய்வேடு முழுக்கத் தமிழில் இருந்தாலும் சரி. கண்மாய் என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது கடைசியில் எம்ஏஐ என்று முடிப்பவர் உண்டு, எம்ஓஐ போட்டு 'கன்மோய்' ஆக்குபவர் உண்டு, ஒய்யில் முடிப்பவர் உண்டு. குடிமராமத்துக்கு டி ஒன்றா இரண்டா, ஹெச் உண்டா இல்லையா என்று நான் எண்ணியதிலேயே ஆறு வடிவம். சங்க இலக்கியம் எடுத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம்: 'எஸ்'ஸில் தொடங்கும் சங்கம் ஒரு கூட்டம், 'சி'யில் தொடங்கும் 'கங்கம்' ஒரு கூட்டம், இரண்டும் சந்தித்துக்கொள்வதே இல்லை. 'ழ' வரும் சொல் என்றால் இசட்ஹெச் போட்டு ஒருமுறை, எல் போட்டு ஒருமுறை தேடுங்கள். பல களஞ்சியங்களில் சொல்லின் முதல் நாலைந்து எழுத்தை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும், நேரம் மிச்சம்.

ஊர்ப் பேச்சும் மாறும். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்தில் கண்மாய். செங்கல்பட்டுப் பக்கம் ஏரி. திருநெல்வேலியில் குளம். பொறியியல் துறைக்காரர்கள் 'சிஸ்டம் டேங்க்' (ஆறு, கால்வாயிலிருந்து தண்ணீர் வருவது), 'நான்-சிஸ்டம் டேங்க்' (மழைநீரை நம்பியது) என்று பிரிப்பார்கள், அரசு அறிக்கைகளில் 'மைனர் இரிகேஷன்' என்ற தலைப்புக்குள் புதைந்திருக்கும். வெறும் 'டேங்க்' என்று தேடிப் பாருங்கள், ராணுவ டாங்கியும் செப்டிக் டேங்கும் வந்து நிற்கும்.

உங்கள் துறையை விட்டு வெளியே வந்து தேடுங்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் முதல் வருடம் முழுக்க வரலாற்றுத் துறை ஆய்வேடுகளையே புரட்டினேன். அப்புறம் ஒரு நாள் துறையைக் குறிக்காமல் தேடினால், அதே கண்மாயை சிவில் இன்ஜினியரிங்கில் வண்டல் கணக்காகவும், பொருளியலில் நீர்ப் பங்கீடாகவும், விலங்கியலில் மீனாகவும், தாவரவியலில் ஆகாயத்தாமரையாகவும் ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். மடை திறந்து தண்ணீர் பாய்ச்சுகிற 'நீர்க்கட்டி' என்ற ஊர்ப் பணியாளரைப் பற்றி எனக்கு உருப்படியாகக் கிடைத்த தகவல் தமிழ்த் துறையின் நாட்டார் வழக்காற்று ஆய்வேடு ஒன்றிலிருந்து.

3. ஷோத்கங்காவில் எடுக்கும் விதம்

ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் முழுப் புத்தகம் ஒரே கோப்பாகக் கிடைக்காது. 01 என்று தொடங்கும் தலைப்புப் பக்கம், அடுத்து சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், அத்தியாயங்கள், நூற்பட்டியல் என்று துண்டு துண்டாக இருக்கும். கடைசியில் 80 என்ற எண்ணோடு 'ரெகமண்டேஷன்' என்று ஒரு கோப்பு இருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் அதில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் இருக்கும். முதலில் அதைத் திறந்து படித்தால், மீதியை இறக்கலாமா வேண்டாமா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது நூற்பட்டியல். அத்தியாயம் சுமாராக இருந்தாலும் நூற்பட்டியல் நன்றாக இருக்கிற ஆய்வேடுகள் ஏராளம், என் கள ஆய்வுக்கு முந்தைய வாசிப்பில் பாதி அப்படி வந்ததுதான்.

இரண்டு இடத்தில் மாட்டுவீர்கள். பழைய ஆய்வேடுகள் ஸ்கேன் செய்த படங்கள், அதற்குள் சொல் தேட முடியாது, பொருளடக்கத்தை வைத்துக் கண்ணால்தான் தேட வேண்டும். இன்னொன்று, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த தமிழ் ஆய்வேடுகள். பார்க்கத் தமிழாக இருக்கும், ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் கமாவும் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக வரும். பாமினி மாதிரி எழுத்துரு என்றால் எழுத்துரு மாற்றி (கன்வர்ட்டர்) ஒன்றை வைத்துச் சரிசெய்யலாம். மாற்றிய பின் மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள், 'ஞ'வும் துணைக்காலும் அடிக்கடி இடம் மாறும்.

களஞ்சியத்தில் இருக்கிறது என்பதால் ஓர் ஆய்வேடு நல்லது என்று ஆகிவிடாது. பட்டம் வாங்கியவர் கொடுத்தது ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஆண்டின் மழைக் கணக்கு மூன்று ஆய்வேடுகளில் மூன்று விதமாக இருந்ததைப் பார்த்த பிறகு, எண் எதுவானாலும் மூல ஆவணத்துக்குப் போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன்.

4. காசு கேட்டால் உடனே கட்டாதீர்கள்

ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும் பக்கம் வரும். என் அறைத் தோழி ஒருத்தி அவசரத்தில் அப்பாவின் கார்டைப் போட்டுக் கட்டினாள். அதே கட்டுரையின் ஆசிரியர் பிரதி அவருடைய பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசமாக இருந்தது. கட்டும் முன் இந்த வரிசையில் பாருங்கள்:

கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் பெயருக்குக் கீழே 'எல்லா பதிப்புகளும்' என்ற இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் எந்தெந்தத் தளத்தில் பிடிஎஃப் இருக்கிறது என்று தெரியும். அதிலும் இல்லையென்றால் உலாவியில் அன்பேவால் என்ற நீட்சியைச் சேர்த்துவிடுங்கள், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி எங்காவது இருந்தால் பக்க ஓரத்தில் பச்சைப் பூட்டு தெரியும்.

அடுத்தது உங்கள் கல்லூரி. மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்கள் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தைக் கட்டாயம் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கியது, 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஜர்னல்கள் அதற்குள் வருகின்றன, இதையும் இன்ஃப்லிப்நெட்தான் ஒருங்கிணைக்கிறது. கல்லூரி நெட்வொர்க்கில் நேரடியாகத் திறக்கும், வீட்டிலிருந்து என்றால் தனி லாகின் வேண்டும், அதை நூலகர்தான் போட்டுத்தர வேண்டும். எங்கள் துறையில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனியார் கல்லூரியில் இருப்பவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது, அரசுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பரைப் பிடிக்க வேண்டியதுதான்.

கடைசி வழி, எழுதியவருக்கே மின்னஞ்சல். நாலு வரி போதும்: நான் யார், எந்தக் கட்டுரை, எதற்கு. நான் பதினொரு பேருக்கு எழுதினேன், எட்டுப் பேர் அனுப்பினார்கள், ஒருவர் கூடவே தன் களக் குறிப்புகளையும் அனுப்பினார்.

5. கையில் இருப்பது எந்தப் பதிப்பு?

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) நான் அசிங்கப்பட்ட இடம் இது. ஒரு கட்டுரையிலிருந்து மேற்கோள் காட்டி, பக்கம் 12 என்று போட்டிருந்தேன். புறத் தேர்வாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இந்தக் கட்டுரை 341-ம் பக்கத்தில்தானம்மா ஆரம்பிக்குது, 12 எங்கேருந்து வந்துச்சு?" என்றார். நான் படித்தது களஞ்சியத்தில் இருந்த ஆசிரியர் பிரதி. பட்டியலில் போட்டது ஜர்னலில் வந்த வடிவத்தின் விவரம். இரண்டையும் கலந்துவிட்டேன்.

ஒரே கட்டுரை மூன்று வடிவத்தில் உலவும். ஜர்னலுக்கு அனுப்பும் முன் போடுவது ப்ரீபிரின்ட், யாரும் சரிபார்த்திருக்க மாட்டார்கள். வல்லுநர்கள் பார்த்துத் திருத்தி ஏற்றுக்கொண்ட பின், பக்கம் வடிவமைக்கும் முன் இருப்பது ஏற்கப்பட்ட பிரதி, மேலே ஆசிரியர் பிரதி என்று சொன்னது இதைத்தான். அச்சில் வருவது இறுதி வடிவம். மேற்கோளும் பக்க எண்ணும் இறுதி வடிவத்திலிருந்து எடுப்பதுதான் நல்லது. அது கிடைக்காவிட்டால், நீங்கள் பார்த்தது எந்த வடிவம் என்று பட்டியலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆர்கைவில் ஒரே கட்டுரைக்கு வி1, வி2, வி3 என்று அடுத்தடுத்து ஏறும், பழையதும் அப்படியே இருக்கும். எந்த எண்ணைப் படித்தீர்கள் என்று குறிக்காவிட்டால், நீங்கள் மேற்கோள் காட்டிய அட்டவணையே அடுத்த பதிப்பில் இல்லாமல் போயிருக்கலாம். மருத்துவ ப்ரீபிரின்ட்டை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்க வேண்டாம் என்று மெட்ஆர்கைவ் தன் தளத்திலேயே எச்சரிக்கிறது, அதைச் செய்தி போல் வாட்ஸாப்பில் அனுப்பும் ஆராய்ச்சி மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

6. இறக்கிய உடனே பெயர் மாற்றுங்கள்

என் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் ஒரு கட்டத்தில் '10_சாப்டர் 3' என்ற பெயரில் பதினேழு கோப்புகள் இருந்தன. எது யாருடையது என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஆசிரியர், ஆண்டு, பல்கலைக்கழகம், அத்தியாயம் என்று அப்போதே பெயர் வைத்துவிடுங்கள். உலாவியில் தெரியும் முகவரியை நகலெடுக்காமல், நிலையான இணைப்பை எடுங்கள். ஷோத்கங்காவில் அது 10603 என்று தொடங்கும் ஹேண்டில் எண், கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண். சொட்டேரோ என்ற இலவச மென்பொருள் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும், முதல் வாரமே போட்டுவிடுங்கள்.

7. உங்கள் ஆய்வேட்டைக் கொடுக்கும் நேரம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிமுறைப்படி, மதிப்பீடு முடிந்து பட்டம் அறிவிக்கும் முன்பே உங்கள் ஆய்வேட்டின் மின்பிரதி இன்ஃப்லிப்நெட்டுக்குப் போக வேண்டும். அனுப்புவது பல்கலைக்கழகத்தின் வேலை. ஆனால் கோப்பு சரியில்லை என்றால் தாமதமாவது உங்கள் பட்டம். ஏற்றுவதற்கு இன்ஃப்லிப்நெட் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை. பல்கலைக்கழகத்தின் சமர்ப்பிப்புக் கட்டணம் தனி, அது இடத்துக்கு இடம் மாறும், ரசீதை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

என்னிடம் கேட்டவை இவை: முழு ஆய்வேடு ஒரே பிடிஎஃபாக, அதே ஆய்வேடு அத்தியாயவாரியாகத் தனித்தனிப் பிடிஎஃபாக, கையெழுத்திட்ட சான்றிதழ் பக்கமும் உறுதிமொழிப் பக்கமும் ஸ்கேன் செய்து, நானும் கைடும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், ஒற்றுமைச் சோதனை அறிக்கை (ஏற்கெனவே வந்த எழுத்துகளோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டுவது), ஆங்கிலத்திலும் தமிழிலும் ஆய்வுச் சுருக்கம், ஐந்தாறு குறிச்சொற்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் இதை ஒட்டித்தான் இருக்கும், ஆனாலும் உங்கள் நூலகத்தின் பட்டியலை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு நான் மூன்று முறை நடந்தேன்.

கோப்பில் கவனிக்க வேண்டியவை: பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் போடாதீர்கள். பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்து தராதீர்கள், வேர்டிலிருந்து நேராகப் பிடிஎஃபாக மாற்றுங்கள். தமிழ் என்றால் யூனிகோடு எழுத்துருவில் இருக்கட்டும், எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பொதித்துவிடுங்கள். மூன்றாம் படியில் சொன்ன கமா, அரைப்புள்ளிக் கூத்தை அடுத்த தலைமுறைக்கும் கொடுக்க வேண்டாம். கையெழுத்துப் பக்கம் மட்டும் ஸ்கேனாக இருந்தால் போதும்.

கைடின் கையெழுத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஒதுக்குங்கள். எங்கள் கைடு நல்லவர்தான், ஆனால் நான் கொடுத்த வாரம் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு விடைத்தாள் திருத்தப் போயிருந்தார்.

பழைய வரைபடம், வேறொருவர் எடுத்த போட்டோ போட்டிருந்தால் அனுமதிக் கடிதம் வாங்கி வையுங்கள், இணையத்தில் எல்லாருக்கும் திறந்து கிடக்கப்போகிற கோப்பு அது. கண்டுபிடிப்பு ஏதாவது இருந்து பேட்டன்ட் வாங்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பம் போட்ட பிறகே ஆய்வேடு வெளியே போக வேண்டும். வெளியான பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம்.

8. ஒற்றுமைச் சோதனையில் மாட்டாமல் இருக்க

2018-ல் வந்த மானியக் குழு விதிமுறையின் கணக்கு இப்படி: 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தரச் சொல்வார்கள். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஒரு வருடம் சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, முறைப்படி ஆதாரம் காட்டிய மேற்கோள்கள் எல்லாம் கணக்கில் வராது. எனவே சோதனைக்குக் கொடுக்கும்போது அவற்றை விலக்கும் அமைப்பைப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். இதைக் கேட்காததால் என் முதல் அறிக்கை 23 காட்டியது, விலக்கிய பிறகு 7.

எனக்கு நடந்த இன்னொன்று. வரைவை ஓர் இடத்தில் சும்மா சோதித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர்கள் அதை மென்பொருளின் சேமிப்பில் ஏற்றும்படி போட்டுவிட்டார்கள். அடுத்த மாதம் துறையில் அதிகாரபூர்வமாகச் சோதித்தால் 94 சதவீதம், என்னிடமிருந்தே நான் திருடியதாக! அதை நீக்கவைக்க மூன்று வாரம் மின்னஞ்சலிலேயே கழிந்தது. முதல் சோதனைக்கே 'சேமிக்க வேண்டாம்' என்று எழுத்தில் சொல்லிக் கொடுங்கள்.

சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம், பக்கத்துக்கு இவ்வளவு என்று கல்லூரி வாசலிலேயே போர்டு வைத்திருப்பார்கள். போகாதீர்கள். மென்பொருளில் போட்டு ஒவ்வொரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லை மாற்றுவதுதான் அவர்கள் செய்வது. என் சீனியர் ஒருவருடைய ஆய்வேட்டில் 'இரிகேஷன் டேங்க்' எல்லா இடத்திலும் 'வாட்டர் சிஸ்டம் சிஸ்டர்ன்' ஆகிவிட்டது. பாசனக் கண்மாய், தண்ணீர் அமைப்புத் தொட்டியாகப் போய்விட்டது, அவர் அதைத் தேர்வாளர் சொல்லித்தான் கவனித்தார். சோதனை மென்பொருளை அரசின் ஷோத்சுத்தி திட்டத்தில் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள், நூலகத்தில் கேளுங்கள்.

9. தரவும் ப்ரீபிரின்ட்டும்

ஆய்வேடு போக, உங்கள் களத் தரவை செனோடோவில் போடலாம். ஜெனீவாவின் சேர்ன் என்ற அணு ஆராய்ச்சி மையம் நடத்துவது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், டிஓஐ உடனே கிடைத்துவிடும். வெளியிட்ட பிறகு கோப்பை நினைத்தபடி மாற்ற முடியாது, புதிய பதிப்பாகத்தான் போட வேண்டும். ஆகவே 'பப்ளிஷ்' அழுத்தும் முன் ஒரு ராத்திரி தள்ளிப் போடுங்கள். நான் அப்படித் தள்ளிப்போட்டதால் தப்பித்தேன். எக்செல் கோப்பில் மறைத்து வைத்திருந்த ஒரு நெடுவரிசையில் 140 விவசாயிகளின் பெயரும் கைபேசி எண்ணும் அப்படியே இருந்தன. மறைத்தால் போதாது, அழித்துவிட்டுப் புதுக் கோப்பாகச் சேமியுங்கள்.

ஆர்கைவுக்குப் போகிறவர்கள்: முதல் முறை என்றால், அந்தத் துறையில் ஏற்கெனவே போட்டிருக்கும் ஒருவரின் பரிந்துரை கேட்கும், கைடிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். லேடெக்ஸ் என்ற தட்டச்சு மென்பொருளில் எழுதியிருந்தால் மூலக் கோப்பையே கேட்கும், பிடிஎஃப் மட்டும் போதாது. அமெரிக்கக் கிழக்கு நேரம் மதியம் 2 மணிக்குள் போட்டால் அன்று இரவு 8 மணிக்கு வெளிவரும். நம் கடிகாரத்தில் அது இரவு 11.30-க்குள் போட்டு அதிகாலை 5.30-க்கு வருவது, அங்கே குளிர்கால நேரம் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு நம் நேரத்துக்குப் போட்டது திங்கள் காலைதான் வரும். மதிப்பீட்டாளர்கள் நிறுத்தி வைத்தால் இந்தக் கணக்கு செல்லாது, சில நாளோ சில வாரமோ ஆகலாம். கட்டணம் கிடையாது. வெளியானதைத் திரும்பப் பெற்றாலும் பழைய பதிப்பு அங்கேயே கிடக்கும்.

நீங்கள் அனுப்பப்போகும் ஜர்னல் ப்ரீபிரின்ட்டை அனுமதிக்கிறதா, ஏற்கப்பட்ட பிரதியை எத்தனை மாதம் கழித்துக் களஞ்சியத்தில் போடலாம் என்பதையெல்லாம் 'ஓபன் பாலிசி ஃபைண்டர்' தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். முன்பு ஷெர்பா ரோமியோ என்று இருந்தது அதுதான்.

10. ஏறிய பிறகு

எப்போது ஏறும் என்று யாரும் தகவல் தர மாட்டார்கள், நீங்களே மாதம் ஒருமுறை உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். எனக்கு வைவா முடிந்து நாலு மாதம் ஆனது.

ஏறியதும் ஒவ்வொரு கோப்பையும் திறந்து பாருங்கள், அத்தியாயம் விடுபட்டிருக்கும், வரிசை மாறியிருக்கும். பெயர், இனிஷியல், கைடு பெயர், ஆண்டு எல்லாம் சரியா என்று பாருங்கள். ஓர்சிட் என்பது ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தரும் தனி அடையாள எண், இலவசம்தான், வாங்கி எல்லா இடத்திலும் அதையே கொடுத்தால் உங்கள் பெயருள்ள இன்னொருவரோடு கலக்காது.

ஏறிய சில வாரத்தில் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கும். உங்கள் ஆய்வேட்டை இலவசமாகப் புத்தகமாகப் போடுகிறோம் என்று ஒன்று, மூன்று நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் 1,500 ரூபாய் என்று இன்னொன்று. இணையத்தில் ஆய்வேடு போட்ட எல்லாருக்கும் அதே கடிதம்தான் போகிறது, பதில் போடாமல் அழித்துவிடுங்கள். முதல் கடிதம் வந்தபோது நான் அம்மாவுக்கெல்லாம் போன் செய்து சொல்லிவிட்டேன்.

தவறு இருந்தால் உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஷோத்கங்கா பொறுப்பாளர் ஒருவர் இருப்பார், அவருக்கு எழுதுங்கள். கடிதத்தில் ஹேண்டில் எண், எந்தக் கோப்பு, இப்போது எப்படி இருக்கிறது, எப்படி இருக்க வேண்டும், இந்த நாலும் போதும். நானும் எழுத வேண்டியிருந்தது. படிவத்தை நிரப்பியவள் நானேதான், அதில் கண்மாய்க்கு ஒரு எழுத்துக்கூட்டு, குறிச்சொல்லில் வேறு எழுத்துக்கூட்டு போட்டிருக்கிறேன்.